கணுக்கால் ஆழக் கடல்

அம்மா போனில் உங்களிடம் சொன்னதில் பதக்கம் மட்டும்தான் நிஜம்.

நடுக்கடலில் மூழ்கிக்கொண்டிருந்த என்னைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்ததாகச் சொன்னாளாம். அக்கா அதை மாமியார் வீடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டதாகக் கேள்வி. அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. அன்றைக்கு அந்த இடத்தில் கடலும் இல்லை. ஆனால் பதக்கத்தில் அப்படித்தான் பொறித்திருக்கிறது. வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு மண்டபமே எழுந்து நின்று கைதட்டியும் இருக்கிறது. அதனால் அம்மா பொய் சொன்னாள் என்று நான் சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

நான் வேலை பார்ப்பது ஒரு படகுக் கழகத்தில். கடலை ஒட்டி, அதற்குள் போகாமல், ஊர் ஊராக நீளும் உப்புநீர்க் கால்வாய் ஒன்று இங்கே இருக்கிறது. அதில் சொந்தமாக மோட்டார் படகு வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் கழகம். வாரம் முழுக்கக் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, தோளில் தங்கப் பட்டை. காலையில் என்னிடம் "டீ போடுப்பா" என்று சொல்கிறவர்கள், தொப்பி வைத்ததும் "டீ நிலவரம் என்ன?" என்று கேட்பார்கள்.

தலைவரை அட்மிரல் என்றுதான் கூப்பிட வேண்டும். ஊருக்குள் மெத்தைக்கடை வைத்திருக்கிறார். அவர் தோள் பட்டைகள் எவ்வளவு தடிமன் என்றால், யாராவது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் கழுத்தை மட்டும் திருப்ப முடியாது, ஆளே மொத்தமாகத் திரும்புவார். செயலாளர் ஒரு பல் டாக்டர். எதிரில் இருப்பவன் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறான், பதில் சொல்ல முடியாது என்ற நம்பிக்கையிலேயே எல்லோரிடமும் பேசுவார். மூன்றாவது, கொடி அதிகாரி. பெயிண்ட் கடைக்காரர். எந்தக் கொடிக்கு என்ன அர்த்தம் என்பது அவருக்கு மட்டும் தெரியும். அது சரியா என்பது யாருக்கும் தெரியாது.

எஞ்சின் துடைப்பது, கயிறு கட்டுவது, டீ போடுவது, விசில் ஊதுவது என் வேலை. அட்மிரல் படகில் ஏறினால் ஊத வேண்டும், இறங்கினால் ஊத வேண்டும். கழிவறைக்குப் போனால் ஊத வேண்டியதில்லை என்று ஒரு கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். இரண்டு பேர் அதை எதிர்த்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே செயலாளர் என்னை உட்கார வைத்து விளக்கிவிட்டார்.

"தம்பி, நிலத்துல வேலையை விட்டுட்டுப் போனா அது ராஜினாமா. தண்ணியில விட்டுட்டுப் போனா அது ஓடிப்போறது. ஓடிப்போனவனுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். என் கையெழுத்து இல்லேன்னா உன் பர்மிட் என்ன ஆகும்?"

நான் வாயைத் திறந்தேன்.

"வேணாம், மூடிக்கோ. உனக்கே தெரியும்."

தெரியும். படகு வேலைக்கு வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டிய அந்த பர்மிட் போனால் நான் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அம்மாவின் கண் ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தது, கழகத்துப் படகுகள் எல்லாம் சேர்ந்து போகும் வருஷப் பயணத்துக்கு மறுநாள். எத்தனை மாதம் காத்திருந்து வாங்கிய தேதி என்று உங்களுக்கே தெரியும். இரண்டு கண்ணிலும் புரை மூடி, கொடியில் காய்ந்த என் பழைய சட்டையைப் பார்த்து "சாப்பிட்டியாடா?" என்று அவள் கேட்டதை அக்கா அழுதுகொண்டே சொன்னாள். முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். கையெழுத்துப் போட மகனோ மகளோ கூட இருக்க வேண்டும், அக்காவால் அன்றைக்கு வர முடியாது. இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். நம்முடைய முறை மறுபடி எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாது.

அதிர்ஷ்டவசமாக, ஆஸ்பத்திரி இருப்பது கால்வாய் முடியும் துறைமுக ஊரில். எங்கள் பயணம் முடிவதும் அங்கேதான். மத்தியானம் போய்ச் சேர்ந்துவிடுவோம். அம்மா பஸ்ஸில் நேராகத் துறைக்கு வந்துவிடுவாள். நான் படகிலிருந்து இறங்கி, அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டியதுதான் பாக்கி. இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு என் மேலேயே மரியாதை வந்தது.

காலையில் ஒன்பது படகுகள் வரிசையாகக் கிளம்பின. முன்னால் அட்மிரல் படகு. அதில் மூன்று அதிகாரிகளும் நானும். அட்மிரலின் படகை யாரும் முந்தக் கூடாது. அவர் போன தண்ணீர்த் தடத்தை விட்டு ஒரு முழம்கூட விலகக் கூடாது. கிளம்பும் முன் செயலாளர் எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுத் தன் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"டாக்டர், எங்க அம்மா கூப்பிடுவாங்க…"

"கடல்ல அம்மா கிடையாது. வயர்லெஸ்தான்."

கால்வாயை அவர்கள் கடல் என்றுதான் சொல்வார்கள். இரண்டு பக்கமும் துணி காயப்போட்டிருப்பது தெரியும், ஆடு மேய்வது தெரியும், ஸ்கூட்டர் போவது தெரியும். இருந்தாலும் அட்மிரல் பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்து, "கரை எதுவும் தென்படல" என்பார்.

பாதி தூரம் சரியாகத்தான் போனோம். அதன் பிறகு வந்தது கரை மரியாதை.

கழகத்தின் வழக்கங்களில் இதுதான் உச்சம். கரையில் நிற்கும் பொதுமக்கள் யாராவது கை அசைத்தால், அட்மிரலின் படகு அவர்கள் பக்கம் திரும்பி, மெதுவாக அருகில் போக வேண்டும். அட்மிரல் முனையில் விறைப்பாக நின்று அந்த மரியாதையை ஏற்றுக்கொள்வார். பிறகு திரும்பி நடுவுக்கு வருவோம். பின்னால் வரும் எட்டுப் படகுகளும் அதே இடத்தில் அதேபோல் திரும்பி ஆளுக்கொரு மரியாதையை வாங்கிக்கொண்டு வரும்.

ஒரு வளைவில், கரையோரம் வேன் கழுவிக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி வேகவேகமாக ஆட்டினார்.

"பாத்தீங்களா டாக்டர்," என்றார் அட்மிரல். "ரெண்டு கையாலயும் மரியாதை. சாதாரண ஆளுதான், என்ன பண்பு பாருங்க. திருப்புங்க."

வேன்காரர் இன்னும் பலமாக ஆட்டினார். பிறகு துள்ள ஆரம்பித்தார். ஏதோ கத்தவும் செய்தார். எஞ்சின் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை.

"உணர்ச்சிவசப்படுறாரு," என்றார் கொடி அதிகாரி.

"இன்னும் பக்கத்துல போங்க," என்றார் அட்மிரல், மார்பை நிமிர்த்தி. "ஏமாத்தக் கூடாது."

படகு ஒரு தடவை இருமியது. அடியில் ஏதோ வழவழவென்று உரசியது. பிறகு, சாப்பிட்டு முடித்த ஆள் சாய்வு நாற்காலியில் உட்காருவதுபோல் நிதானமாக உட்கார்ந்துவிட்டது.

அந்தக் கால்வாய்க்கு ஒரு குணம் உண்டு. கடலில் தண்ணீர் ஏறினால் இதிலும் ஏறும், அங்கே வடிந்தால் இங்கேயும் வடியும். அப்போது வடியும் நேரம். நடுவில் மட்டும்தான் ஓடுவதற்குத் தண்ணீர் இருந்தது. வேன்காரர் கையாட்டியது, "வராதீங்கடா, சேறுடா" என்று.

பின்னால் வந்த படகுகளுக்கு இது தெரிந்துதான் இருக்க வேண்டும். நாங்கள் அசையாமல் நிற்பதைக் கண்ணால் பார்த்தார்கள். ஆனால் அட்மிரலின் தடத்தை விட்டு விலகக் கூடாதே. இரண்டாவது படகு வந்து திரும்பியது, மரியாதை வாங்கியது, உட்கார்ந்தது. மூன்றாவது வந்தது, உட்கார்ந்தது. இப்படி ஒன்பதும் வரிசை குலையாமல் வந்து எருமைக் கூட்டம் மாதிரிச் சேற்றில் அமர்ந்தன. ஐந்தாவது படகு வரும்வரை கையாட்டிக்கொண்டிருந்த வேன்காரர், அப்புறம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "தரை தட்டிருச்சு சார்."

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அட்மிரல் மொத்தமாகத் திரும்பினார்.

"தம்பி," என்றார் செயலாளர், "அட்மிரல் படகு தரை தட்டாது. கழக விதியிலயே அதுக்கு இடம் கிடையாது. மத்தவங்க படகு தட்டலாம், அதுக்கு அபராதம் இருக்கு. அட்மிரலுக்கு அபராதம் போட யாருக்கும் அதிகாரம் இல்ல. அபராதமே போட முடியாத தப்பு எப்படி நடந்திருக்க முடியும், சொல்லு?"

நான் யோசித்தேன்.

"யோசிக்காத. நாம நிறுத்தியிருக்கோம். நங்கூரத்தைப் போடு."

போட்டேன். நங்கூரம் பொத்தென்று சேற்றில் விழுந்து, எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்தது. கயிறு நனையவில்லை.

அட்மிரல் வயர்லெஸ்ஸை எடுத்தார். "எல்லாப் படகுகளுக்கும் அட்மிரல் பேசுறேன். இந்த அழகான இடத்துல கொஞ்ச நேரம் ஓய்வெடுக்க முடிவு செஞ்சிருக்கேன். கடல் அமைதியா இருக்கு. ஆழம் போதுமானது. எல்லாரும் உறுதிப்படுத்துங்க."

"இரண்டாம் படகு. ஆழம் போதுமானது."

"மூன்றாம் படகு. ஆழம் போதுமானது அட்மிரல், ரொம்பவே போதுமானது."

கடைசிப் படகில் இருந்தது ஐஸ் கம்பெனிக்காரர், புது உறுப்பினர். "அட்மிரல், இங்க தண்ணி சுத்தமா இல்ல. எங்க படகு ஒரு பக்கமா சாஞ்சிருச்சு. என் சம்சாரம் சன்னலைப் புடிச்சுத் தொங்குறா."

அட்மிரல் வயர்லெஸ்ஸைச் செயலாளரிடம் கொடுத்தார். செயலாளர் ரொம்ப மென்மையாகப் பேசினார். பல்லைப் பிடுங்கும் முன்னால் அப்படித்தான் பேசுவார் என்று நினைக்கிறேன். "உங்க படகு சாயல. அட்மிரலோட படகுக்குத் தலை வணங்குது. அந்த மரியாதையை நாங்க குறிச்சுக்கிட்டோம். உங்க சம்சாரத்துக்கும் நன்றி சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்து ஒரு தெருநாய் கரையிலிருந்து இறங்கி எங்கள் படகின் முன்னால் ஓடிவந்தது. நின்றது. காதைச் சொறிந்தது. நங்கூரத்தை மோந்து பார்த்து, அதன் மேல் காலைத் தூக்கியது. வேலை முடிந்ததும் போய்விட்டது.

"நல்லா நீந்துது," என்றார் அட்மிரல்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மத்தியானம் தாண்டிவிட்டது. இருக்கைக்கு அடியில் பிஸ்கட் டப்பா அடித்தது. அது என் போன். அம்மாவுக்கென்று நான் வைத்திருந்த மணி. தகரத்துக்குள் கிடந்து அதிர்ந்து அதிர்ந்து டப்பாவே நகர்ந்தது.

"டாக்டர், எங்க அம்மா. துறையில வந்து நிக்கிறாங்க. கண்ணு தெரியாதவங்க. ஒரு வார்த்தை பேசிட்டு வச்சிடுறேன்."

"கூப்பிட்டு என்ன சொல்லுவ?"

"வர லேட்டாகும்னு."

"ஏன் லேட்டாகும்?"

நான் கீழே சேற்றைப் பார்த்தேன்.

"பாத்தியா? அதைச் சொன்னா அட்மிரலைப் பத்தி வெளியாள்கிட்ட புகார் சொன்ன மாதிரி ஆயிடும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

டப்பா மறுபடி அடித்தது. இன்னொரு முறை அடித்தது. பிறகு அடிக்கவேயில்லை. அடித்தபோது இருந்த பயத்தைவிட அது நின்ற பிறகு வந்த பயம் பெரிதாக இருந்தது.

நான் நேராக அட்மிரலிடம் போய் நின்றேன். அவர் மனம் இளகியவர்தான். மெத்தை விற்கிறவர். "அம்மாவுக்குக் கண் ஆபரேஷனா? அடடா. இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? கடல்ல இருக்கிற ஒவ்வொருத்தனுக்கும் கரையில ஒரு அம்மா இருக்கா. எனக்கும் இருந்தாங்க. டாக்டர், இவனுக்குக் கரை விடுப்பு குடுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பிட்டுவிட்டு, பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்து இறங்கக் காலைத் தூக்கினேன். ஒரு கல் எறிந்தால் கரையில் போய் விழும்.

"ஏய், ஏய்! எங்க இறங்குற?" என்று செயலாளர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "கரை விடுப்புன்னா கரைக்குப் போறதுக்கு. கரைக்கு எதுல போவாங்க? சின்னப் படகுல. நீ பாட்டுக்குக் கடல்ல இறங்கி நடந்தா ஜனங்க என்ன நினைப்பாங்க?"

ஆகவே சின்னப் படகை இறக்கினார்கள். அது துடுப்புப் போடும் ரப்பர் படகு. சேற்றில் வைத்ததும் இட்ட இடத்தில் இருந்தது. விதிப்படி முன்னால் கொடி அதிகாரி கொடியோடு உட்கார்ந்தார், பின்னால் நான் துடுப்போடு. விசிலை நானே ஊதிவிட்டு நானே துடுப்பைப் பிடித்தேன்.

துடுப்புப் போட்டேன். சேறு வந்தது. பலமாகப் போட்டேன். இன்னும் நிறைய வந்தது. கொடி அதிகாரியின் முதுகு, கழுத்து, தொப்பி எல்லாம் கறுத்துக்கொண்டே போனது. அவர் திரும்பவில்லை. கொடியை மட்டும் உயர்த்திப் பிடித்திருந்தார். படகு நகரவில்லை. நகர வேண்டிய அவசியம் அதற்கு இல்லை, நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

மேலே கையெட்டும் தூரத்தில் நின்ற அட்மிரல் மெகாபோனை எடுத்தார். "எவ்வளவு தூரம் போயிருக்கீங்க?"

"நல்ல முன்னேற்றம் அட்மிரல்!" என்றார் கொடி அதிகாரி.

"எங்களை உங்களுக்குத் தெரியுதா?"

"மங்கலாத் தெரியிறீங்க!"

நான் தலையை நிமிர்த்தினேன். அட்மிரலின் பூட்ஸ் என் மூக்குக்கு நேராக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கொடி அதிகாரி ரகசியமாகச் சொன்னார். "தம்பி, நீரோட்டம் நமக்கு எதிரா இருக்கு. திரும்பிடலாம். உயிரு முக்கியம்." நாங்கள் எழுந்து நின்று ஒரு காலை எடுத்துப் பெரிய படகில் வைத்துத் திரும்பி வந்தோம். செயலாளர் இரண்டு பேருக்கும் கை கொடுத்தார். கடும் முயற்சி என்று சொல்லி அட்மிரல் கொடி அதிகாரியின் முதுகில் தட்டப் போய், சேற்றைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்.

"விடுப்பைப் பயன்படுத்திட்ட," என்றார் செயலாளர் என்னிடம். "ஒரு பயணத்துக்கு ஒண்ணுதான்."

நான் நங்கூரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இறங்கினால் பர்மிட் போகும். இறங்காவிட்டால் அம்மா கண் போகும். இரண்டுக்கும் நடுவில் கணுக்கால் அளவு சேறு.

அப்போதுதான் செயலாளர் பைனாகுலரைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "அட்மிரல்! தெரியாத கலம் ஒண்ணு நம்மளை நோக்கி வருது! கொடி இல்ல! விளக்கு இல்ல!"

கரையில் ஒரு ஷேர் வேன் நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கி, தோளில் துணிப்பை, ஒரு கையில் செருப்பு, இன்னொரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி, முகத்தைச் சுருக்கிக்கொண்டு, சேற்றில் சளக் சளக்கென்று நடந்து வந்துகொண்டிருந்தாள் அம்மா.

என்ன நடந்தது என்று பிறகு சொன்னாள். துறையில் நின்று பார்த்தாளாம். போன் அடித்தாளாம். நான் எடுக்கவில்லை. துறைக் காவலாளியிடம் கேட்டதற்கு, "வெள்ளைச் சட்டைக்காரங்களா? அவங்க எல்லாம் வளைவுல சேத்துல உக்காந்திருக்காங்கம்மா. ஊரே வேன் புடிச்சுப் பாக்கப் போகுது" என்றிருக்கிறார். அம்மாவும் அதே வேனில் ஏறிவிட்டாள்.

கொடி அதிகாரி மூன்று கொடிகளை ஏற்றினார். அம்மாவுக்குக் கொடியும் தெரியவில்லை, கம்பமும் தெரியவில்லை. நடந்து வந்தாள்.

அட்மிரல் மெகாபோனில், "வரும் கலம் நிக்கவும்! பெயரைச் சொல்லவும்!"

"யாருப்பா அது கத்துறது?" என்றாள் அம்மா. "எம் புள்ள எங்க?"

"எவ்வளவு ஆழத்துல வர்றீங்க?"

"செருப்பு நனையக் கூடாதேன்னு கையில வச்சிருக்கேன். அவ்வளவுதான் ஆழம். ஏன், உங்களுக்குக் கண்ணு தெரியாதா? ஆபரேஷன் பண்ணிக்கலையா?"

கரையில் சிரிப்பு எழுந்தது. வேன்காரர் வாளியிலிருந்து எழுந்து நின்றார். எட்டுப் படகிலும் வெள்ளைத் தொப்பிகள் எட்டிப் பார்த்தன. அட்மிரலின் முகம் சிவந்தது. ஆனாலும் கண்ணியமாகத்தான் பேசினார். அதை மறக்க முடியாது.

"அம்மா, உங்க வயசுக்கு மரியாதை குடுத்துச் சொல்றேன். நீங்க இப்ப நிக்கிறது கடல்ல. இந்தக் கழகம் முப்பது வருஷமா இதைக் கடல்னுதான் நடத்திட்டு வருது. உங்களை மாதிரி ஒருத்தர் வந்து சட்டுனு நின்னுட்டா, நாங்க வாங்கின பட்டம், பதவி, இந்தத் தொப்பி, எதுக்குமே அர்த்தம் இல்லாமப் போயிடும். தயவுசெஞ்சு நீந்துங்க. முடியலேன்னா, நீந்துற மாதிரி கையையாவது அசைங்க."

அம்மா அவர் நின்ற திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பாவம், வெயில்ல ரொம்ப நேரம் நின்னுட்டாரு போல," என்றாள். பிறகு காற்றைப் பார்த்துக் கூப்பிட்டாள். "டேய்! எங்கடா இருக்க? ஆறு மணிக்குள்ள போகணும்டா. நீ வரலேன்னா சேத்துக்க மாட்டாங்களாம்."

அவள் கூப்பிட்ட பக்கத்தில் நான் இல்லை. கம்பத்தில் காயப்போட்டிருந்த என் மிதவைச் சட்டை இருந்தது. அதைப் பார்த்துத்தான் பேசினாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. குதித்துவிட்டேன். கால் பாதம் புதைந்தது, அவ்வளவுதான்.

"ஆள் கடலில்!" என்று செயலாளர் அலறினார். பயிற்சி அப்படி. ஒன்பது படகிலும் சங்கு ஊதியது. பார்க்கும் இடமெல்லாம் ஆட்கள் ஓடினார்கள். மிதவை வளையங்கள் பறந்து வந்தன. ஒன்று என் முதுகில் பட்டது, ஒன்று நங்கூரத்தில் மாட்டிக்கொண்டது. "பிடிச்சுக்கோ! தலையை மேல வை! பதறாத!" என்று கொடி அதிகாரி கதறினார். அவர் கண்ணில் நிஜமாகவே கண்ணீர். நான் நின்றபடி அவரைப் பார்த்தேன். அவர் நான் மூழ்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா என் கையைத் தடவிப் பிடித்தாள். காலடியில் கிடந்த வளையத்தை மிதித்துவிட்டு, "இது என்னடா, டயரா? எடுத்துக்க. வேன்ல சீட்டு கிழிஞ்சு கெடக்கு, உக்கார ஆகும்," என்றாள்.

எடுத்துக்கொண்டு நடந்தோம். பின்னால் அட்மிரல் வயர்லெஸ்ஸில் பேசுவது கேட்டது. "ஒரு வீரனை இழந்துட்டோம். எல்லாரும் தொப்பியை எடுங்க." திரும்பிப் பார்த்தேன். எடுத்திருந்தார்கள். ஐஸ் கம்பெனிக்காரர் மட்டும் எனக்கு டாட்டா காட்டினார்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். இரண்டு பேர் காலையும் பார்த்த நர்ஸ், "எங்கம்மா நாத்து நட்டுட்டு வர்றீங்களா?" என்று கேட்டு, கழுவிவிட்டுத்தான் உள்ளே விட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் முதல் கண்ணுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

படகுகள் அன்று ராத்திரி தண்ணீர் ஏறியதும் தாமாக மிதந்திருக்கின்றன. தன் படகு ஆடுவதை உணர்ந்த அட்மிரல் உடனே எழுந்து, "புறப்படலாம்" என்று உத்தரவு போட்டாராம். கடலே அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது என்று கழகத்தில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

நான் மூட்டையைக் கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ செயலாளரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆரஞ்சுப் பழமெல்லாம் வாங்கி வந்திருந்தார்.

"உன்னை ஓடிப்போனவன்னு சொல்லலாம்னுதான் கூட்டம் போட்டோம். ஆனா ஒரு சிக்கல். நீ நடந்து போனேன்னு சொன்னா, அங்க நடக்க முடிஞ்சுதுன்னு ஆயிடும். அப்ப அட்மிரல் எங்க படகு ஓட்டினாருன்னு கேள்வி வரும். அதனால நீ நடக்கல. விழுந்துட்ட. விழுந்தவன் உயிரோட இருக்கான்னா யாரோ காப்பாத்தியிருக்கணும்." அம்மா பக்கம் திரும்பினார். "வேற யாரும் அங்க இல்ல."

"நானா?" என்றாள் அம்மா, கட்டுப் போட்ட கண்ணோடு.

"வருஷ விருந்துல உங்களுக்கு வீரப் பதக்கம். இவன் பர்மிட்ல நான் இன்னைக்கே கையெழுத்துப் போட்டுடுறேன். எவ்வளவு ஆழம்னு யாராச்சும் கேட்டா, ரொம்பன்னு சொல்லுங்க, போதும்."

அம்மா ஒரு ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். "அன்னைக்கு நான் பார்த்ததுலயே அந்த வெள்ளைச் சட்டைக்காரரு பேசினதுதான் ரொம்ப ஆழம்," என்றாள். "சொல்லிட்டாப் போச்சு."

விருந்து கழக மண்டபத்தில் நடந்தது. மேடையில் கொடிகள், கீழே வெள்ளை மேசை விரிப்பு. அட்மிரல் பேசினார். சுழல், இருள், ஆளை விழுங்கும் நீர் என்று ஆரம்பித்து, அந்த நிலையிலும் தான் நிதானம் இழக்காமல் படகை ஓர் அங்குலம்கூட அசையவிடாமல் நிறுத்திவைத்ததைச் சொன்னார். அது உண்மை. சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

பிறகு அம்மாவை மேடைக்கு அழைத்தார்கள். நான் கையைப் பிடிக்கப் போனேன். "விடுடா, படி தெரியுது," என்றாள். தானாக ஏறினாள். அட்மிரல் பதக்கத்தைக் குத்திவிட்டு, மைக்கை அவள் பக்கம் திருப்பி, "ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா" என்றார்.

அம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். பதக்கத்தைப் பார்க்கவில்லை. அட்மிரலைப் பார்த்தாள். தொப்பியிலிருந்து பூட்ஸ் வரைக்கும் இறங்கி, மறுபடி பூட்ஸிலிருந்து தொப்பி வரைக்கும் ஏறி, பொறுமையாகப் பார்த்தாள். கடையில் தக்காளி பார்ப்பதுபோல.

"இவரா?" என்றாள் என் பக்கம் திரும்பி. மைக் அவள் வாய்க்கு நேராக இருந்தது. "கண்ணு மங்கலா இருந்தப்ப கொஞ்சம் பெரிய ஆளாத் தெரிஞ்சாருடா."

தட்டில் கரண்டி வைத்தவர்கள் வைத்தபடி இருந்தார்கள்.

அட்மிரல் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தோள் பட்டையைச் சரி செய்தார். "கேட்டீங்களா?" என்றார், குரல் தழுதழுக்க. "கடல்ல பார்க்கும்போது நம்ம கழகம் எவ்வளவு பெருசாத் தெரியுதுன்னு அம்மாவே சொல்லிட்டாங்க."

செயலாளர் முதலில் கைதட்டினார். பிறகு மொத்த மண்டபமும் எழுந்து நின்று தட்டியது. கைதட்டல் ஓய்ந்ததும் அட்மிரல் மேடையிலிருந்து இறங்கக் காலை எடுத்து வைத்தார். செயலாளர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். பர்மிட் சட்டைப் பையில் இருந்தது. நான் விசிலை எடுத்து ஊதினேன்.

அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். கண்ணை மட்டும் மூடவில்லை.